பேச்சுக்குச் சொன்னது

எங்கள் ஊரில் பேச்சுக்குச் சொல்வது என்று ஒன்று உண்டு. கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் ‘வீட்டுப் பக்கம் வர்றதே இல்லையே’ என்போம். வந்து நின்றால் முழிப்போம். ‘ஒருநாள் சாப்பிட வாங்க’ என்போம். அந்த ஒருநாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது. கேட்கிறவருக்கும் அது தெரியும். ‘அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு’ என்று அவரும் பேச்சுக்குச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். இரண்டு பக்கமும் திருப்தி. கும்பகோணத்தில் முப்பது வருஷம் இப்படியே ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்தவள் நான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பினாங்குக்கு வந்து, கெலுகோரில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் குடியேறி, எதிர்வீட்டு அக்காவிடம் வாயைக் கொடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் என் தம்பியின் கல்யாணமே கைநழுவிப் போகப் பார்த்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அக்காவைச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் வந்து இறங்கிய முதல் நாள் மத்தியானம். என் வீட்டுக்காரருக்கு பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மறுநாளே பாலம் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். வீட்டில் அடுப்பு இல்லை, பெட்டிகள் பிரிக்கவில்லை, ஆறு வயது மகன் பசியில் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். கதவு தட்டும் சத்தம். திறந்தால், பூப்போட்ட பாத்திக் கவுனும் சோடாப்புட்டிக் கண்ணாடியுமாக அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள். கொண்டையில் பூவுக்குப் பதில் ஒரு பேனா. கையில் பெரிய தட்டு நிறைய மீ கோரேங், மேலே பொரித்த முட்டை, ஆவி பறந்தது.

“எதுத்த வீடு. சாப்டாச்சா?” என்று கேட்டார்.

“ஐயோ, எதுக்குங்க சிரமம்? இப்பதான் சாப்பிட்டோம்” என்றேன்.

எங்கள் கணக்குப்படி இப்போது அவர் ‘அட, கொஞ்சமா எடுத்துக்குங்க’ என்று வற்புறுத்த வேண்டும். நான் இன்னொரு தடவை மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை, அவர் மனசு நோகக்கூடாதே என்று நான் வாங்கிக்கொள்ள வேண்டும். அவரோ, “ஓ, சாப்டாச்சா? அப்ப நல்லதுலா” என்றார். தட்டோடு திரும்பி நடந்தார். எதிர்க்கதவு சாத்திக்கொண்டது. நூடுல்ஸ் வாசனை மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மகன் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தான். “இந்த மரியாதையெல்லாம் பிளைட்ல ஏத்தாம வந்திருக்கலாம்ல?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் அக்கா என்னை வராந்தாவில் பார்த்து, “பசியாறிட்டியா?” என்றார். காலைச் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு, “இல்லக்கா, பசிக்குது” என்றேன். இரண்டு நிமிஷத்தில் தோசையும் சம்பாலும் வந்தன. நான் நேற்று சொன்னது பொய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நேற்று சாப்பிட்டிருந்தேன், இன்று சாப்பிடவில்லை, அவ்வளவுதான். என் பிறந்த வீட்டில்கூட யாரும் என்னை அவ்வளவு முழுசாக நம்பியதில்லை.

அவர் வீட்டுச் சுவரில் மாதா படமும் காலண்டரும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். காலண்டர் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடைக்காரர் கொடுத்தது, பெரிய பெரிய கட்டம் போட்டது. யார் என்ன சொன்னாலும் கொண்டைப் பேனாவை உருவி, “என்னைக்கு?” என்பார். ‘உங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்று சொன்ன உறவுக்காரர், ‘குழாயை வந்து பாத்துடறேன்’ என்று சொன்ன பிளம்பர், எல்லாரும் அந்தக் கட்டங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். மாதாவுக்கும் தப்பிக்க வழியில்லை. ஒருநாள் அவர் ஜெபம் பண்ணுவதைக் கேட்டேன். “மாதாவே, மகளுக்கு வீடு கெடைக்கணும், வெள்ளிக்கெழமக்குள்ள” என்று முடித்தார். மகள் பெர்த்தில் இருந்தாள். வீடு சனிக்கிழமை கிடைத்தது. ஒருநாள் தாமதத்துக்கு மாதாவை அவர் மன்னித்துவிட்டதாகத்தான் நினைக்கிறேன்.

விடைபெறும்போது “போறேன்லா” என்பார். எனக்கு முதல் தடவை பகீரென்றது. “போயிட்டு வரேன்னு சொல்லுங்கக்கா” என்றேன்.

“இன்னைக்கு திரும்ப வர மாட்டேனே.”

“இருந்தாலும் அப்படித்தான் சொல்லணும். போறேன்னு சொல்லக்கூடாது.”

“வராதவ எதுக்கு வரேன்னு சொல்லணும்? நீ பாட்டுக்கு கதவத் தெறந்து வச்சுக்கிட்டு காத்திருக்கவா?”

ஏன் இப்படி என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். “முப்பது வருஷம் ஃபேக்டரில லைன்ல நின்னேன். ஆயிரம் பீஸ் தரேன்னு சொன்னா ஆயிரம் பீஸ் தரணும். சும்மா சொன்னேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்ல முடியுமா?” என்றார்.

முதல் வருஷத் தீபாவளி. ஒரு வாரம் இருக்கும்போது லிஃப்டில் ஒன்பதாம் மாடி சீன ஆன்ட்டி, காவல்கார மலாய்ப் பெரியவர் பாக்சிக், நான், அக்கா நால்வரும் இறங்கிக்கொண்டிருந்தோம். ஆன்ட்டி “உங்க பண்டிகை வருதே” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பெருந்தன்மையாக, “ஆமா, எல்லாரும் வீட்டுக்கு வாங்க” என்றேன். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம் ‘நல்லா இருங்க’ என்பதுதான். பினாங்கில் பண்டிகை நாளில் கதவைத் திறந்து வைப்பார்கள், எல்லா இனத்தாரும் வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

தீபாவளி அன்று காலை நான் ஒரு டப்பா முறுக்கும், பாத்திரத்தை விட்டு வர மறுத்த மைசூர்பாகும் செய்து வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு அக்கா நாற்பது தட்டுகளோடு வந்தார்.

“எதுக்குக்கா இத்தனை தட்டு?”

“ஒன் வீட்ல நாலுதானே இருக்கு?”

“மூணு பேருக்கு நாலே ஜாஸ்தி.”

“எல்லாரும் வாங்கன்னு சொன்னியே. எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. பத்துலேர்ந்து நாலு வரைக்கும்னு சொல்லி, லிஃப்டுல எழுதியும் ஒட்டிட்டேன்.”

என் வீட்டுக்காரர் எண்ணெய்த் தலையோடு காரை எடுத்துக்கொண்டு மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் பறந்தார். தகரத் தகரமாக முறுக்கும், பெரிய பொட்டலங்களில் பிரியாணியும் தாப்பாவ் என்று பார்சல் கட்டி வாங்கி வருவதற்குள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பாக்சிக் மூன்று பிள்ளைகளோடு வந்தார். சீன ஆன்ட்டி ஒரு பெட்டி ஆரஞ்சும், மகனுக்கு ஊதா உறையில் பண்டிகைப் பணம் பத்து வெள்ளியும் கொண்டுவந்தார். அக்கா சோபாவின் நடுவில் வீட்டுக்குப் பெரியவர் மாதிரி உட்கார்ந்து, யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் நின்று என் வாயை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் நாலு மணிக்குக் கடைசி ஆள் போனபோது அந்த மாடியில் எல்லாக் கதவுகளுக்குப் பின்னால் இருப்பவர்களின் பெயரும் எனக்குத் தெரிந்திருந்தது. வந்து ஏழு மாதமாகியும் தினமும் ஊரையே நினைத்துக்கொண்டிருந்தவள், அன்று சாயங்காலம் நினைக்க மறந்துவிட்டேன். தட்டு கழுவுகிற வேலை அப்படி.

அதற்குப் பிறகாவது வாயை அடக்கினேனா? முப்பது வருஷப் பழக்கம். மூன்றாம் வருஷம், அதே லிஃப்டில், அக்கா தம் கண்ணைப் பற்றிச் சொன்னார். காலண்டரில் அவர் எழுத்து பெரிதாகிக்கொண்டே போய்ப் பக்கத்துக் கட்டத்தையும் பிடித்துக்கொண்டிருந்ததை நானும் கவனித்திருந்தேன். “கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணணுமாம், தேதி இன்னும் வரல. மக லீவு போட்டுட்டு வரேங்குது” என்றார்.

“அவங்களை எதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து இழுத்தடிக்கறீங்க? நான் இருக்கேன்ல? நான் பாத்துக்க மாட்டேனா?”

“எத்தனை நாளு?”

“எத்தனை நாள் வேணும்னாலும்.”

லிஃப்ட் பதினோராம் மாடிக்கு வருவதற்குள் நான் இதை மறந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்துத் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவனுக்கு நான் ஒரே அக்கா. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மூன்றாம் முடிச்சை மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. ‘உன் பொண்டாட்டிக்கு அந்த முடிச்சை நான்தான் போடுவேன், நல்லா இறுக்கிப் போடுவேன்’ என்று அவனுக்குப் பத்து வயசாக இருக்கும்போதிலிருந்து மிரட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைத்தாகிவிட்டது. கல்யாண விஷயத்தை அக்காவிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், ‘நீங்களும் வாங்க’ என்று வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் தள்ளிப்போட்டேன்.

பத்து நாள் இருக்கையில் அவரே வந்தார். “தேதி வந்திருச்சு” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காலண்டரைக் காட்டினார். முகூர்த்தத்துக்கு முந்தின புதன்கிழமைக் கட்டத்தில் ‘கண்ணு’ என்று இருந்தது. அதிலிருந்து அடுத்த புதன் வரைக்கும் ஒரு நீளமான கோடு. கோட்டின்மேல் ‘எதுத்த வீட்டு பொண்ணு’ என்று தேங்காய் தேங்காயாக எழுதியிருந்தார்.

“மககிட்ட வர வேணாம்னு சொல்லிட்டேன். ஒரு வாரம் சொட்டு மருந்து ஊத்தணும், குனியக்கூடாது, அடுப்புக்கிட்ட போவக்கூடாதுன்னாங்க. ஆளு இருக்கான்னு நர்ஸ் கேட்டுச்சு. இருக்குன்னு சொன்னேன்.”

அந்தக் கோடு நேராக என் தம்பி கல்யாணத்தின் மேல் ஓடியது. வாயைத் திறந்தேன். ‘அது பேச்சுக்குச் சொன்னதுக்கா’ என்பதுதான் வாய் வரைக்கும் வந்தது. அவர் அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து மங்கலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. “சரிக்கா” என்றேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். “லிஃப்டுல ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க! யாராவது இதை எழுதி வச்சுக்குவாங்களா?”

“எழுதி வச்சுக்கறவங்கன்னு தெரிஞ்சுதானே சொன்ன?” என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும். இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் என் டிக்கெட்டை மட்டும் அடுத்த வியாழனுக்கு மாற்றச் சொன்னேன். தம்பிக்குப் போன் செய்து, முடிச்சைச் சித்தி மகளைப் போடச் சொன்னேன். அவன் ஒன்றுமே சொல்லாமல் போனை வைத்தான். அம்மா மறுபடி கூப்பிட்டு அவன் சொல்லாத எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கேட்டபோது, என் வீட்டுக்காரரும் மகனும் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார்கள் என்றேன். அது பொய் இல்லை. விடுமுறையும்தான்.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வியாழன் காலை ஒன்பதரை மணிக்குக் கட்டுப் பிரிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் பஞ்சை எடுத்து, கண்ணைத் துடைத்து, “என்ன தெரியுது?” என்று மலாயில் கேட்கிறார். சரியாக அந்த நேரம் என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. கட் பண்ணப் போய்த் தவறாக விரலை வைத்துவிட்டேன். திரை முழுக்க என் மகன், பட்டு வேட்டியில். பின்னால் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா! நாளைக்கு மாமாக்குக் கல்யாணம்! நீ மட்டும் ஏன் வரல?”

அக்காவின் புதுக் கண் முதன்முதலாகப் பார்த்தது எங்கள் வீட்டு வாழைமரத்தைத்தான்.

“பிஸாங் மரம் தெரியுது” என்று நர்ஸிடம் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஸ்கூல் லீவுன்ன?”

“லீவும்தான்க்கா.”

“தம்பி கல்யாணம்னு ஏன் சொல்லல?”

“உங்ககிட்ட சொல்லியிருந்தேனே, நான் பாத்துக்கறேன்னு.”

“தம்பிகிட்ட என்னா சொல்லிருந்த?”

அழுகையை அடக்க முடியவில்லை. நாத்தனார் முடிச்சு, பத்து வயசு, மிரட்டல் எல்லாவற்றையும் அந்த நர்ஸ் முன்னாலேயே கொட்டினேன். அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு எப்ப சொன்ன? இந்த வருஷம். அவனுக்கு?”

“அவனுக்குப் பத்து வயசா இருக்கும்போது.”

“அப்ப அவந்தான் முந்தி. மொத வந்த ஆடர் மொத போவணும். இதுகூட தெரியாம நீ என்னா படிச்ச?”

“உங்களுக்கு யாருக்கா சொட்டு மருந்து ஊத்துவாங்க?”

“ஒம்பதாவது மாடி சீன ஆன்ட்டி போன வருஷம் லிஃப்டுல சொல்லுச்சு, என்னா வேணும்னாலும் என்னையக் கூப்புடுன்னு. எழுதி வச்சிருக்கேன்.”

அந்தச் சீன ஆன்ட்டிக்காக ஒரு கணம் பரிதாபப்பட்டேன். பிறகு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் அங்கிருந்தே அன்று மத்தியானத்துக்கு ஒரு டிக்கெட் பிடித்தார். கண்மேல் பிளாஸ்டிக் மூடியோடு அக்கா டாக்சியில் என்னோடு விமான நிலையம் வரைக்கும் வந்தார். குனியக்கூடாது என்பதால் நேராக நிமிர்ந்து ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். வழியிலேயே ஆன்ட்டிக்குப் போன் போட்டு, “நீ சொன்னது இன்னைக்குத்தான்” என்று தகவலும் கொடுத்துவிட்டார். ஆன்ட்டி மறுக்கவில்லை. அவரும் அந்த அடுக்குமாடியில் இருபது வருஷம் இருந்தவர், அக்காவைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, கசங்கின முகத்தோடு, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் மேடை ஏறி மூன்றாம் முடிச்சைப் போட்டேன். தம்பி திரும்பிப் பார்த்து, “இறுக்கிப் போடுக்கா” என்றான். அவனும் அழுதான், நானும் அழுதேன். போட்டோக்காரர் மட்டும் சிரிக்கச் சொன்னார்.

அன்று மாலை அம்மா அக்காவுக்குப் போன் செய்து நன்றி சொன்னாள். நான் ஓடிப்போய்ப் போனைப் பிடுங்குவதற்குள், “ஒரு தடவை எங்க ஊருக்கு வந்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டாள். மறுமுனையில் பேனா உருவப்படுவது எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. ஆறு மாதம் கழித்து அக்கா கும்பகோணம் போய்ச் சரியாகப் பதினான்கு நாள் இருந்தார். கிளம்பும்போது அம்மா, “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே” என்றாள். டிக்கெட்டை மாற்றி இரண்டு நாள் இருந்தார். அம்மா இப்போதெல்லாம் யாரிடம் பேசினாலும் யோசித்துப் பேசுகிறாள்.

அதற்கடுத்த வருஷம் மகள் வந்து அக்காவைப் பெர்த்துக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். தனியாக விட முடியாது என்றாள். நியாயம்தான். வீட்டை விற்றார்கள். நாற்பது தட்டுகளும் எங்கள் வீட்டுக்கு வந்தன. நான்கு வருஷமாக ஊரை விட்டு வந்தவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர், தாமே ஒரு ஊரை விட்டுப் போனார். விமான நிலையத்தில் உள்ளே போகும் வாசல் வரைக்கும் போனோம். சீன ஆன்ட்டியும் வந்திருந்தார். அக்கா வழக்கம்போல ‘போறேன்லா’ என்று சொல்லப்போகிறார், அதைக் கேட்டால் தாங்கமாட்டேன் என்று பயந்தேன்.

அவர் என் கன்னத்தைத் தட்டி, “போயிட்டு வரேன்” என்றார்.

என்னையறியாமல் அவருடைய கேள்வியையே கேட்டேன். “என்னைக்கு?”

நாலு வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் உடனே பதில் இல்லை. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா கொண்டையிலிருந்து பேனாவை உருவி என் கையில் வைத்தார். “கிறிஸ்மஸுக்குலா” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

அது நடந்து மூன்று கிறிஸ்மஸ் போய்விட்டது. முழங்கால் தகராறு, டாக்டர் விமானம் ஏறக்கூடாது என்கிறார் என்று மகள் போனில் சொல்கிறாள். அக்கா அன்றைக்குப் பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பார் என்கிறார் என் வீட்டுக்காரர். இவர்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் மளிகைக் கடையில் புதுக் காலண்டர் வாங்கி வந்ததும், டிசம்பர் இருபத்தைந்தாம் கட்டத்தில் அந்தப் பேனாவால் எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கதவைத் திறந்தே வைக்கிறேன். அக்கா சொன்னால் சொன்னதுதான். எந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் என்று கேட்காமல் விட்டது என் தப்பு.